நூற்றிருபதாவது மணி

துடைத்தாளா, இல்லையா? தயிர்சாதத்தில் முதல் கவளத்தை வாயில் வைத்த நேரத்தில்தான் இந்தக் கேள்வி வந்து மயிலாத்தாளைப் பிடித்துக்கொண்டது. மணி ஒன்றேகால். எதிரே ஆள் உயர இரும்புப் பெட்டி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே மேலும் கீழுமாக இரண்டு கரிக்குச்சிகள், நுனிக்கும் நுனிக்கும் நடுவில் விரற்கடை இடைவெளி, அந்த இடைவெளியில் மின்சாரம் தாவித் தாவி ஒரு சின்னச் சூரியன். சூரியனைச் சுற்றி ஒரு கண்ணாடிக் கூண்டு, கூண்டைச் சுற்றி ஏழு நிறத்தில் ஏழு துணித் துண்டுகள் வளையத்தில் தொங்கியபடி வலம் வந்துகொண்டிருந்தன. மொட்டைமாடி வெயிலில் மூன்று மாதம் கிடந்து வெளுக்க வேண்டிய சாயம் இதற்குள் ஐந்தே நாளில் வெளுத்துவிடும். பீளமேட்டில் இருக்கிற இந்தச் சாயச் சோதனைக்கூடத்துக்கு வரும்போது அவளுக்கு இருபத்து நாலு வயது, இப்போது நாற்பத்திரண்டு. இந்தப் பெட்டியோடு வாழ்ந்த அளவுக்கு அவள் யாரோடும் வாழ்ந்ததில்லை. இன்று மூன்றரைக்குப் பெட்டியின் மீட்டர் நூற்றிருபது மணியைத் தொடும். டைரக்டர் ஆவுடையப்பன் மாடியேறி வருவார், கூடவே மில்களின் சார்பில் லூர்துசாமி என்கிற சாயப்பட்டறை மேனேஜர் வருவார். ஏழு துண்டுகளும், அதே துணிகளிலிருந்து வெட்டி மூன்று மாதம் மாடியில் காய்ந்த தம் இரட்டைகளைப் போலவே வெளுத்திருந்தால் இந்த விளக்கு பிழைத்தது, நாலு வருஷமாக அவள் தன் கையால் பிசைந்து சுட்டு உருவாக்கிய கரிக்குச்சியும் பிழைத்தது. ஒன்று பிசகினாலும் போச்சு. நாளைக் காலையில் பெட்டியைக் கழற்றிப் பழைய இரும்புக்கு அனுப்பிவிட்டு, அவளைப் பின்கட்டில் இருக்கிற தண்ணீர் சோதனை அறைக்கு அனுப்புவதாக ஆர்டர் டைப் அடித்தாகிவிட்டது. கவளத்தை மென்றும் மெல்லாமலும் விழுங்கிவிட்டு டப்பாவை மூடினாள். துடைத்திருப்பாள். துடைக்காமல் எப்படி இருப்பாள்?

எல்லாம் அந்தக் கண்ணாடிக் கூண்டு படுத்துகிற பாடு. கரி எரிந்தால் சாம்பல் வரும், சாம்பல் போய்க் கண்ணாடியில் படியும். தினமும் மதியம் குச்சி மாற்றும்போது ஈரத்துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை கூண்டை வழித்துத் துடைக்க வேண்டும். ஐந்தாம் நாள் மட்டும் குச்சி மாற்றுவதில்லை, நாலாம் நாள் குச்சியே முடிவு வரைக்கும் தாங்கும். துடைத்ததும் லாக் புத்தகத்தில் நாலாவது கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். துடைத்ததும் என்றுதான் விதி. ஆனால் கரிக்குச்சியைத் தொட்ட கையோடு புத்தகத்தைத் தொட்டால் பக்கம் முழுக்கக் கறுப்பு அப்பிக்கொள்ளும், போன டைரக்டர் காலத்தில் அதற்காக அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. அதனால் முதலில் டிக்கைப் போட்டுவிட்டுப் பிறகு துடைப்பது என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. அவளுக்கு மட்டுமில்லை, இந்த அறையில் வேலை பார்த்த எல்லாருக்குமே. பதினெட்டு வருஷமாக ஒரு நாளும் அதனால் வம்பு வந்ததில்லை, டிக் போட்ட கை துடைக்காமல் விட்டதில்லை. நேற்றைய கட்டத்திலும் டிக் இருக்கிறது. பத்துத் தரம் பார்த்தாயிற்று. நீல மையில், வால் கொஞ்சம் நீண்டு, அவளுடைய டிக்தான். டிக்கைப் பார்த்தால் துடைத்த மாதிரி இருக்கிறது, டிக்கைப் போட்டவளைக் கேட்டால் ஞாபகம் இல்லை என்கிறாள். இன்று காலையில் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்! பெட்டிக் கதவில் கருங்கண்ணாடி போட்ட ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதில் நிறம் தெரியாது, வெளுப்பா கறுப்பா என்பது மட்டும் தெரியும். ஐந்தாம் நாள் காலையில் எப்போதும் ஒரு துண்டு மட்டும் வெள்ளை வெளேரென்று சுற்றி வந்து அவள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும். ஊதாத் துண்டு. மற்ற ஆறும் மாடி வெயிலோடு அச்சாகப் பொருந்தும், ஊதா மட்டும் நாலாம் நாள் வரைக்கும் சமர்த்தாக இருந்துவிட்டுக் கடைசி நாளில் பொத்தென்று விழும். கரி விளக்கின் பிறவிக் கோளாறு அது, வெயிலில் இல்லாத அளவுக்கு அதில் ஊதா வெளிச்சம் கொட்டுகிறது. அதை அடக்கத்தான் குச்சியின் நடுவே துளை போட்டு, கடற்கரை மணலிலிருந்து எடுக்கிற உப்புகளை விதவிதமாகக் கலந்து அடைத்து அடைத்துப் பார்த்தாள். முப்பத்தோரு கலவை. இன்று காலை ஊதாத் துண்டு கறுப்பாகவே சுற்றி வந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, பத்துச் சுற்று. நிற்கிறது, நிற்கிறது என்று தனியாக நின்று சொல்லிக்கொண்டாள். முப்பத்தோராவது கலவை ஜெயித்துவிட்டது. அல்லது நேற்றுக் கூண்டைத் துடைக்கவில்லை. சாம்பலும் ஊதா வெளிச்சத்தைத்தான் முதலில் தடுக்கும்.

நேற்று என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லிப் பார்ப்போம். மதியம் பெட்டியை நிறுத்தினாள். டிக் போட்டாள். கதவைத் திறந்தாள், சூடு முகத்தில் அடித்தது, அந்தக் கருகல் வாசனை, மழைக்கு முந்தின இடி வாசனை மாதிரி மூக்கின் உள்ளே காரமாக ஏறுகிற வாசனை. பழைய குச்சிகளைக் கழற்றினாள். கூண்டை இறக்கி மேஜையில் வைத்தாள். வைத்தாளா? வைத்தாள். அப்போதுதான் கீழேயிருந்து ஆள் வந்து டைரக்டர் கூப்பிடுகிறார் என்றான். கையைத் துடைத்துக்கொண்டு போனாள். கையைத் துடைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதுதான் இடைஞ்சல். துடைத்தோம் என்று மனசு சொல்வது கையையா கூண்டையா? ஆவுடையப்பன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எப்போதும் போலப் பல் தெரியாமல் சிரித்தார். திருநெல்வேலிக்காரர், ரிடையராக ஒன்றரை வருஷம், அதற்குள் கரிக்குப் பதிலாக வாயுவில் எரிகிற வெளிநாட்டு செனான் விளக்கு ஒன்றை வரவழைத்து ரிப்பன் வெட்டிவிட வேண்டும் என்பது ஆசை. "உக்காருங்கம்மா. நாளைக்கு ரிசல்ட் எப்படி வந்தாலும் ஒரு ஏற்பாடு வேணும்லா? அதான் ஆர்டரை இப்பவே அடிச்சு வச்சிட்டேன், தேதி மட்டும் போடலை" என்று காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். பிறகு அன்பாகவே சொன்னார்: "இது டெஸ்ட் ஹவுஸ்மா, சூரியனார் கோயில் இல்ல. வெளிச்சத்தை நாம ஏன் சமைக்கணும்? வாங்கிக்கிடலாம்." அவள் சொல்ல வேண்டியதெல்லாம் படியேறும்போதுதான் வந்தது. சமைக்காமல் வாங்கிக்கொள்ளலாமாம். வாங்குகிற விளக்கும் யாரோ ஒருத்தி எங்கேயோ நின்று சமைத்ததுதானே? அவள் ஊர் வெயிலுக்கு அவள் சமைத்தாள், என் ஊர் வெயிலுக்கு நான் சமைக்கிறேன். பங்குனி மாதப் பன்னிரண்டு மணிக்கு இந்த மொட்டைமாடியில் வெறுங்காலோடு நின்று பார்த்துவிட்டு வந்து பேசட்டும். இப்படி ஒவ்வொரு படிக்கும் ஒரு பதிலாக இருபத்திரண்டு படி ஏறினாள். புதுக் குச்சிகளைப் பொருத்தினாள், கதவை அறைந்து சாத்தினாள், சுவிட்சைப் போட்டாள். பொருத்தியது ஞாபகம் இருக்கிறது. சாத்தியது ஞாபகம் இருக்கிறது, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது கூட. நடுவில் ஒரு ஐந்து நிமிஷம், ஈரத்துணி, உலர்ந்த துணி, அந்த ஐந்து நிமிஷத்தை மட்டும் காணோம். கோபம் அதைத் தின்றுவிட்டது. அவளுக்குக் கோபம் வந்தால் எப்போதும் இப்படித்தான், நடந்தது மறந்து போகும், சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கும்.

சொன்னது ஞாபகம் இருக்கும். அவள் பிறந்த சேமலையூர் வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா இப்போதும் எதிரே வந்து உட்காருகிறாள். மயிலாத்தாளுக்கு அப்போது பத்தொன்பது. அம்மா முகத்துக்குப் பவுடர் அப்பி, வெயில் படாமல் பதினைந்து நாள் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தாள், புழுக்கிய நெல்லை நிழலில் காயவைக்கிற மாதிரி. காப்பித் தட்டை நீட்டினபோது அந்தம்மா காப்பியை எடுக்கவில்லை. சேலை முந்தானையின் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி மயிலாத்தாளின் முழங்கைக்குக் கீழே ஒரு தேய் தேய்த்தாள். தேய்த்த இடத்தையும் பார்த்தாள், முந்தானையையும் பார்த்தாள். இன்றைக்கு இந்தச் சோதனைக்கூடத்தில் தினமும் அதே சோதனையைத்தான் அவள் செய்கிறாள். ஈர வெள்ளைத் துணியால் சாயத் துணியைத் தேய்ப்பாள், வெள்ளையில் எவ்வளவு ஒட்டியது என்று பார்ப்பாள், ஒன்று முதல் ஐந்து வரைக்கும் மார்க் போடுவாள். அன்றைக்கு மார்க் போடப்பட்டது அவளுக்கு. "வெசனப்படாதீங், சாயம் போவாதுங். இது வெயில்ல நின்னு ஏறுன கருப்புங்" என்று சொன்ன மயிலாத்தாள் காப்பித் தட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அம்மா அழுதாள். அப்பா மாட்டுத்தொழுவத்துக்குப் போய் ஒரு மணி நேரம் வரவேயில்லை, வந்தபோது மூக்கு சிவந்திருந்தது, ஆனால் "காலேஜு அப்ளிகேசனுக்கு என்னைக்குக் கடேசி?" என்றுதான் கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு வரன் வந்தது, இரண்டும் நிற்கவில்லை. நிற்காதது பற்றி அவளுக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை என்று சொன்னால் அது பொய். சில ஞாயிற்றுக்கிழமைகளில் வருத்தம் வரும், வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விடும். அந்தம்மாவின் முந்தானை என்ன நிறம்? பச்சை. மட்டமான பச்சை, ஈரம் பட்ட இடத்தில் அதுதான் அவள் கையில் ஒட்டியது. அதை அந்தக் கூடத்தில் யாருமே பார்க்கவில்லை, அவள் மட்டும் பார்த்தாள்.

மணி இரண்டாகப் போகிறது. துணி! துடைத்த துணி எங்கே? துடைத்திருந்தால் நேற்றைய துணி இரண்டில் சாம்பல் இருக்கும், துடைக்கவில்லை என்றால் மடித்த மடிப்பு கலையாமல் இருக்கும். இவ்வளவு நேரம் இது தோன்றவில்லை பார். எழுந்து மேஜைக்கு அடியில் இருக்கும் கூடையைப் பார்த்தாள். காலி. மாடிக் கதவைத் திறந்தால் ஆடிக்காற்று ஆளைத் தள்ளியது. கொடியில் வெள்ளைத் துணிகள் வரிசையாகப் படபடத்தன. உதவியாளர் சென்னியப்பன் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, எதையும் துவைக்காமல் விடமாட்டார் என்பதுதான் இன்றைக்குக் குறையாகப் போயிற்று.

"ஏனுங் சென்னியப்பண்ணா, நேத்து வெளக்கு ரூம் கூடையில எத்தன துணி கெடந்துச்சு?"

"ஏனுங் மேடம், ஏதாச்சும் தொலஞ்சு போச்சுங்களா?"

"தொலையல. எத்தன துவச்சீங்கன்னு சொல்லுங்."

சென்னியப்பன் கொடியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "ரெண்டு இருந்திருக்குமுங். நாலாக்கூட இருந்திருக்குமுங். ரெண்டு நாளைக்குச் சேத்தித்தானுங்களே இன்னிக்குத் தொவச்சேன்."

"ஒரு துணியில மடிப்புக் கலையாம இருந்துச்சுங்களா?"

"தண்ணியில போட்டா எல்லா மடிப்பும் கலஞ்சு போயிருதுங்களே" என்றார் சென்னியப்பன். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேடம், டைரக்டர் கேக்கறாருங்களா? உங்குளுக்கு எத்தன வேணும்னு சொல்லுங், நான் அத்தனயவே சொல்லிப்போடறேன். சத்தியம் பண்டச் சொன்னாலும் பண்டறேனுங்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மயிலாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணிலும் ஏதோ வந்தது, காற்றில் தூசி என்று தலைப்பால் ஒற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

உள்ளே உர் உர் என்று அதே சத்தம். இந்தச் சத்தம் காதில் விழாத நாட்களில்தான் அவளுக்குத் தலைவலி வரும். வோல்ட் மீட்டர் முள் சொன்ன இடத்தில் நிற்கிறது, அது ஒழுங்காகத்தான் நிற்கும், சாம்பலைப் பற்றி அதற்கென்ன தெரியும். கருங்கண்ணாடி வழியே பார்த்தாள். ஜோதி. கூண்டும் சாம்பலும் எல்லாம் சேர்ந்து ஒரே ஜோதி, அதில் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஊதாத் துண்டு வந்தது, கறுப்பாக வந்தது, போனது. இப்போதே சுவிட்சை அணைத்துக் கதவைத் திறந்து பார்த்துவிட்டால் என்ன? குச்சி மாற்றாத நேரத்தில் திறந்தால் ஓட்டம் முறிந்தது, சோதனை அங்கேயே செத்தது. மூன்றரை வரைக்கும் பொறுத்தால் தானாகவே தெரிந்துவிடும். ஒரு நாள் சாம்பல் என்றால் கூண்டுக்குப் பின்னால் வைத்த பேப்பரில் தலைப்பு எழுத்தைப் படிக்கலாம், இரண்டு நாள் சாம்பல் என்றால் அங்கே பேப்பர் இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. அதைப் பார்த்துப் புரிந்துகொள்கிற கண் இந்தக் கட்டடத்தில் அவளுக்கு மட்டும்தான் உண்டு. ஆவுடையப்பனுக்குத் தெரியாது. லூர்துசாமி மில்லில் துணியைத்தான் பார்ப்பார், கண்ணாடியை ஏன் பார்க்கப் போகிறார்? கூண்டை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்துவிட்டால் தீர்ந்தது. புத்தகத்தில் டிக் இருக்கிறது. துண்டுகள் பொருந்தும். ஏழும் பொருந்தும். ஆர்டரில் தேதி போடாமல் கிழிப்பார், செனான் போய் அடுத்த டைரக்டர் தலையில் விழும், அவள் பேர் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் வரும். அதன் பிறகு சாவகாசமாக, யாருக்கும் தெரியாமல், இன்னொரு ஓட்டம் ஓட்டிப் பார்த்துக்கொண்டால் ஆகாதா? கலவை நிஜமாகவே நல்ல கலவையாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இல்லாவிட்டால்? இல்லாவிட்டால் சிறுமுகை நஞ்சப்பன் மனசுக்குள் வருவார். சும்மா வந்து நிற்பார், ஒன்றும் பேசமாட்டார்.

நஞ்சப்பன் பேசாத மனிதர்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே அறைக்கு வந்து, அதோ அந்த ஸ்டூலில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே ஒரு பையிலிருந்து ஊதாச் சேலையை எடுத்து விரித்தார். முப்பது தறிக்குச் சாயம் போடுகிறவர். அவர் ஊதா நிற்காது என்று இந்த விளக்கு சொன்னது, நிற்காது என்று மயிலாத்தாள் கையெழுத்துப் போட்டாள், கூட்டுறவுச் சங்கம் அவர் சாயத்தை வேண்டாம் என்றுவிட்டது. "ஒரு வருசம் ஓட்டு மேல போட்டு வெச்சிருந்தனுங். மழ, வெயிலு, பனி எல்லாம் பட்டிருச்சு. பாருங்" என்றார். பார்த்தாள். சேலை கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான், ஊதா ஊதாவாகவே இருந்தது. "வெயில்ல நிக்குதுங்களே. உங்க வெளக்குல ஏனுங் நிக்கல?" என்று கேட்டார். குரலில் சண்டை இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். விதிப்படி செய்தோம் என்று சொன்னாள். விதிப்படி என்ற வார்த்தை வாயை விட்டுப் போனதும் நாக்கே கசந்தது. அவர் சேலையை மடித்தார், மடிப்பின் மேல் மடிப்பாக, சீராக, அதைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பிறகு அவர் சாயப்பட்டறையை மூடிவிட்டு மகள் ஊரில் போய் இருக்கிறார் என்று கேள்விப்பட்டாள். அந்த ரிப்போர்ட்டின் நகல் இன்னும் பீரோவில் இருக்கிறது. அவளுடைய கையெழுத்து, வால் நீண்ட கையெழுத்து. அன்றைக்கு அவள் பொய் சொல்லவில்லை, விளக்கு சொன்னதைத்தான் எழுதினாள், ஆனாலும் அது பொய்யாகப் போனது. இன்றைக்கு ஊதாவுக்குச் சாதகமாகச் சொல்லப்போகிறாள், நஞ்சப்பன் இங்கே இருந்தால் சந்தோஷப்படுவார். படுவாரா? சாம்பல் காப்பாற்றிய ஊதாவைக் காட்டினால் சந்தோஷப்படுவாரா? அந்த மனிதர் ஒரு வருஷம் ஓட்டு மேல் போட்டு வைத்திருந்தார், ஒரு நாள் பந்தலில் போட்டுவிட்டு வந்து நிற்கவில்லை. அவருக்குக் கோபம் வந்திருந்தால் தேவலை, திட்டியிருந்தால் தேவலை, தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அனுப்பியதுதான் அவளை ஐந்து வருஷமாக அரிக்கிறது.

பயமாகத்தான் இருந்தது. தண்ணீர் அறையை நினைத்தால் ஒரே அழுகல் வாடை, சாயக்கழிவு நிறைந்த பாட்டில்கள், வெளிச்சமே வராத பின்கட்டு. அதைவிடப் பயம் இந்தப் பெட்டியை நாலு பேர் கயிறு கட்டிப் படியில் இறக்குவதைப் பார்க்க வேண்டும் என்பது. ஒருவேளை அதற்கும் மேல் ஒரு பயம் உண்டு. நாலு வருஷம் கண்ணெரிய உழைத்தது முப்பத்தோராவது கலவைக்காக இல்லை, நம்மாலும் ஆகும் என்று ஆவுடையப்பன் என்கிற ஒரு மனுஷனுக்குக் காட்டத்தானோ என்கிற பயம். சரி, இருக்கட்டுமே. அதுவும் சேர்ந்துதான். வீம்பு இல்லாமல் யார் எதைச் செய்தார்கள்? மூன்று மணி. மூன்றே கால். இடது முன்கையைத் தடவிக்கொண்டாள், அங்கே விளக்கு சுட்ட தோல் பொடிப்பொடியாக உரிந்து தழும்பாகியிருக்கிறது, முந்தானை தேய்த்த அதே கை. துடைத்தாளா, இல்லையா? கேள்வி இப்போது தேய்ந்து வெறும் சத்தமாகிவிட்டது, பெட்டியின் உர் சத்தத்தோடு சேர்ந்து ஓடுகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடப் போவதை இவ்வளவு நேரம் போட்டுக் குழப்பிக்கொண்டிருப்பது எதற்கு என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். துடைத்தாளா என்பது கேள்வியே இல்லை என்று அப்போது விளங்கியது. துடைக்கவில்லை என்று கண்ணாடி சொன்னால் வாயைத் திறப்பாளா மாட்டாளா, அதுதான் கேள்வி. படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஆவுடையப்பன் முன்னால் வந்தார், பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு லூர்துசாமி. பருத்த உடம்பு, விரல் நகக்கண்ணெல்லாம் நீலச்சாயம், மேனேஜரான பிறகும் தொட்டியில் கையை விட்டுப் பார்க்கிற ஆள் என்று தெரிந்தது. மீட்டரில் நூற்றிருபது விழுந்தது. மயிலாத்தாள் சுவிட்சை அணைத்தாள், உர் சத்தம் இறங்கி நின்றதும் அறையே பெரிதாகிவிட்டது. கதவைத் திறந்தாள். கூண்டைப் பார்த்தாள். பேப்பர் வைத்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை, கண்ணாடி சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தது. இரண்டு நாள் சாம்பல். அதற்குள் ஆவுடையப்பனே வளையத்திலிருந்து துண்டுகளைக் கழற்றி, மாடியில் காய்ந்த துண்டுகளுக்குப் பக்கத்தில் மேஜை மேல் பரப்பிவிட்டார். ஏழும் ஏழும். லூர்துசாமி ஊதாவை இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய், திருப்பித் திருப்பிப் பார்த்து, "எது வெயிலு, எது வெளக்குன்னு எனக்கே தெரியலீங்களே" என்றார்.

ஆவுடையப்பன் குனிந்து மற்ற ஆறு ஜோடியையும் பார்த்தார். பிறகு அவரும் மனிதர்தானே, முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தார். "ஒத்துக்கிடுதேன்மா. உங்க கரி ஜெயிச்சிட்டு" என்று கையை நீட்டினார்.

அவள் கையை நீட்டவில்லை. "ஜெயிக்கலீங் சார்" என்றாள். "நேத்து நான் கூண்டத் தொடைக்கல. இன்னொரு நாள் சாம்பல் சேந்து போச்சு. ஊதா நின்னது குச்சியாலயா சாம்பலாலயான்னு எனக்குத் தெரியாது. இந்த ஓட்டம் செல்லாதுங்."

ஆவுடையப்பன் நீட்டிய கையாலேயே லாக் புத்தகத்தைப் புரட்டினார். "டிக் போட்டிருக்கே?"

"போட்டது நான்தானுங். அது பொய் டிக்கு. போட்டுட்டுத் தொடைக்கறது எங்க பழக்கம், நேத்துப் போட்டதோட சரி."

"அப்ப முடிஞ்சிட்டுல்லா? பொருந்தலைன்னா கழட்டுததுன்னுதான் பேச்சு."

"பொருந்துச்சா இல்லையான்னு இன்னும் தெரியலீங்களே சார். நூத்திருபதாவது மணிக்குப் பாக்கறதுன்னு பேச்சு. செல்லுபடியாகிற நூத்திருபதாவது மணி இன்னும் வரல." லாக் புத்தகத்தை அவரிடமிருந்து வாங்கி மேஜையில் வைத்தாள். "மறுபடியும் ஒண்ணுலருந்து ஓட்டறேன். தண்ணி ரூமுக்கு நாளைக்கே போய்க்கறனுங், ஆர்டர்ல தேதியப் போடுங். மத்தியானம் வந்து குச்சிய மாத்திப்போட்டுப் போயிருவேன்."

"நான் நிறுத்தச் சொன்னா?"

"எழுத்துல குடுத்துப்போடுங் சார். தப்ப அவளே ஒத்துக்கிட்டா, திருத்தி ஓட்டறேன்னா, நான் நிறுத்தச் சொல்லிட்டேன்னு ஒரே வரி. கீழ கையெழுத்து."

ஆவுடையப்பன் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டார். லூர்துசாமி ஊதாத் துண்டுகளை மேஜையில் வைத்துவிட்டு, மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு அமர்ந்தார். "அஞ்சு நாள்தானுங்க சார். இத்தன வருசம் தப்பாக் காட்டுன வெளக்கு. அவுங்க வாயாலயே தப்புன்னு சொன்னது இன்னிக்குத்தான். நான் புதன்கெழம மறுக்கா வர்றனுங்" என்றார். பேனா பையிலேயே இருந்தது.

மயிலாத்தாள் அதற்கு மேல் யாரையும் பார்க்கவில்லை. கூண்டை இறக்கினாள், ஈரத்துணியால் துடைத்தாள், உலர்ந்த துணியால் துடைத்தாள், இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க நிதானமாக, கண்ணாடி இருப்பதே தெரியாத வரைக்கும் துடைத்தாள். முப்பத்தோராவது கலவையில் மிச்சமிருந்த குச்சிகளை எடுத்து மேலும் கீழும் பொருத்தி நுனியோடு நுனியைத் தொடவிட்டாள், பற்றியதும் அவை தானாக விலகிக்கொள்ளும். புதிதாக ஏழு துண்டுகளை மாட்டினாள், ஊதாவைக் கடைசியாக மாட்டினாள். மீட்டரைத் திருகிப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்தாள். கை இரண்டும் கரியாகியிருந்தது. புத்தகத்தைப் பிரித்து, பக்கம் அழுக்கானால் ஆகட்டும் என்று, கறுத்த விரலாலேயே பேனாவைப் பிடித்து, அன்றைய தேதியைப் போட்டு ஓட்டம் முப்பத்திரண்டு என்று எழுதினாள். எழுதியதும் முகத்தில் ஒரு தெளிவு வந்தது, பதினெட்டு வருஷத்தில் அந்த அறை பார்க்காத தெளிவு. ஆவுடையப்பன் இன்னும் திறந்த கதவுக்கு நேராகத்தான் நின்றுகொண்டிருந்தார்.

"நவுந்து நில்லுங் சார். பத்த வெக்கறேன், கதவச் சாத்துனாலும் இடுக்குல கண்ணக் கூசும்" என்றாள்.

அவர் நகரவில்லை. நகர்ந்தால் தோற்றது போலாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அவள் சுவிட்சில் கை வைத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் அவர் ஓரடி பின்னால் போய், சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் கதவைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டாள்.